பனிமேல் பழி போடாதே, மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

டிராக்கன்ஸ்பெர்க் மலை அடிவாரத்துப் பண்ணையில், பிளெஸ்பாக் மான் 60 மீட்டரில் அசையாமல் நின்றதையும், வாய்வழியே மருந்து நிரப்புகிற உன் துப்பாக்கியில், பொறி தருகிற கேப்பு மட்டும் ‘டப்’பென்று வெடித்து உள்ளே இருந்த வெடிமருந்து பற்றாமல் போனதையும் அக்கா போனில் சொன்னாள். ஜூன் மாதப் பனியில் மருந்து நமுத்துவிட்டது என்றாயாம்.

எனக்கு நம்பிக்கை இல்லை. டர்பனில் தீபாவளி மழையில் நமுத்த பட்டாசைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். எது வெடிக்காவிட்டாலும் முதலில் ஈரத்தைத்தான் சந்தேகிப்போம். ஆனால் இறுக்கி மூடிய டப்பாவில் இருக்கிற மருந்து லேசில் கெடாது. போன மாதம் நீ துப்பாக்கி துடைத்ததை நான் பார்த்தேன். தோசைக்கல்லில் ஊற்றுவதுபோல எண்ணெயை ஊற்றினாய், குழல் வாயை மேலே வைத்து நிறுத்தினாய். அந்த எண்ணெய் ஒரு மாதத்தில் எங்கே போயிருக்கும்? குழலின் அடிக்கும், கேப்பு உட்காருகிற நிப்பிளுக்குப் போகும் சின்னத் துளைக்கும்தான். அதன்மேல் மருந்தைக் கொட்டியிருக்கிறாய். போதாததற்கு நீ போடுவது கருமருந்துக்குப் பதிலாக வருகிற பைரோடெக்ஸ். கருமருந்தைவிட அது பற்றக் கூடுதல் சூடு வேண்டும்.

எண்ணெயே வேண்டாம் என்று சொல்லவில்லை. கருமருந்து எரிந்த அழுக்கு ஈரத்தை இழுக்கும். கடற்கரை ஊரில் ஒரு ராத்திரி விட்டாலே துரு பிடிக்கும். சுட்ட அன்றே வெந்நீரில் கழுவி, உலர்த்தி, மெல்லிசாகத் தடவி, வாயைக் கீழே பார்த்து வை. வேட்டைக்குப் போகிற காலையில் மட்டும் உள்ளே ஒரு சொட்டும் இருக்கக் கூடாது. உள்ளே விட்ட துணி காய்ந்து வெள்ளையாகவே திரும்புகிறவரை துடை. நிப்பிள் துளையில் மெல்லிய கம்பி விடு. குழல் காலிதான் என்று பார்த்துக்கொண்டு, வாயை ஒரு புல்லுக்கு அருகே பிடித்து வெறும் கேப்பு இரண்டு வெடி. புல் ஆடினால் வழி திறந்திருக்கிறது. ஆடாவிட்டால் மருந்தைத் தொடாதே, மறுபடி துடை. ஆடிய பிறகும் ஒரு காய்ந்த துணி விட்டு எடுத்துவிட்டுத்தான் நிரப்ப வேண்டும்.

குண்டு மருந்தின்மேல் நன்றாக உட்கார வேண்டும். கெட்டிக்கும் கம்பியில் ஓர் அடையாளம் கீறிவைத்தால் அது தெரிந்துவிடும்.

பனிக்கும் ஒரு பங்கு உண்டு, அது காட்டில் அல்ல, வீட்டில். குளிரில் கிடந்த துப்பாக்கியைக் கணப்பு எரிகிற அறைக்குக் கொண்டுவந்தால் இரும்பு வியர்க்கும், உள்ளே இருக்கிற மருந்தும் ஈரமாகும். அதனால் சாயங்காலம் மண்மேட்டில் சுட்டுக் காலி செய்துவிட்டு வா. நிரப்பிய துப்பாக்கி எப்படியும் வீட்டுக்குள் வரக் கூடாது.

இன்னொன்று. வெடிக்காதவுடன் துப்பாக்கியைத் தாழ்த்தி நிப்பிளை எட்டிப் பார்த்தாயாம், கூட வந்த பையன் சொன்னான். மருந்து சில சமயம் தாமதமாகப் பற்றும். குறி பார்த்தபடியே முழுசாக ஒரு நிமிஷம் நில், பிறகு கேப்பை மாற்று. எட்டிப் பார்த்ததை அக்காவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

அன்புடன்,
மாமா
பீட்டர்மாரிட்ஸ்பர்க்