எல்லா அமைப்புகளுக்கும் ஒரே இடமா?

ஆசிரியருக்கு,

வணக்கம். இணையச் செயலி உருவாக்கம் பற்றிய தங்கள் கட்டுரை, தரவுத்தள முகவரி, கடவுச்சொல், போர்ட் எண் என்று செயலியின் அமைப்புகள் எல்லாவற்றையும் நிரலில் எழுதாமல் சூழல் மாறிகளில் (செயலி தொடங்கும்போது இயங்குதளம் அதனிடம் கொடுக்கும் மதிப்புகளில்) வைத்தால் போதும் என்று முடித்துக்கொண்டது. கடவுச்சொல்லை நிரலில் எழுதக்கூடாது என்பதில் மறுப்பில்லை. நிரல் மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் கருவியில் ஒருமுறை கமிட் (பதிவு) ஆகிவிட்டால், பிறகு அழித்தாலும் பழைய வரலாற்றில் அது கிடக்கும். புதுக் கடவுச்சொல் வைப்பதைத் தவிர வழியில்லை. ஆனால் 'எல்லாவற்றையும்' என்பதுதான் இடிக்கிறது.

ஒரு பக்கத்தில் எத்தனை வரிகள் காட்டுவது, பதிலுக்கு எத்தனை நொடி காத்திருப்பது போன்றவை எந்த சர்வரில் ஓடினாலும் மாறாதவை. அவை நிரலோடு கிட்டிலேயே இருக்கட்டும். யார், எப்போது மாற்றினார் என்றாவது தெரியும். சோதனை சர்வருக்கு ஒன்று, நேரடி சர்வருக்கு ஒன்று என மாறும் முகவரி, போர்ட், லாக் நிலை (செயலியின் பதிவேட்டில் எவ்வளவு விவரம் எழுதுவது) ஆகியவற்றுக்குச் சூழல் மாறி நன்கு பொருந்தும்.

ரகசியங்களுக்கு அது அவ்வளவு பத்திரமான இடமல்ல. லினக்ஸில் ஒரு ப்ராசஸின் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலின்) சூழல் மாறிகளை, அதே பயனரின் கீழ் ஓடும் இன்னொரு ப்ராசஸ் பொதுவாகப் படித்துவிட முடியும். படத்தைச் சுருக்க உங்கள் செயலி வெளி நிரல் ஒன்றை அழைத்தால், தடுக்காதவரை அத்தனை மாறிகளும் அதற்கும் போய்ச்சேரும். செயலியைத் தனிப் பொதியாக ஓட்டும் டாக்கர் கருவியில், டாக்கர் இன்ஸ்பெக்ட் கட்டளை அவற்றை அப்படியே காட்டும். பிஎச்பி மொழியின் அமைப்பு விவரங்களைக் காட்ட, சோதனைக்கென்று விட்டுவைத்த பிஎச்பி இன்ஃபோ பக்கமும் காட்டிக்கொடுக்கும். பொதியை உருவாக்கும் குறிப்புகள் உள்ள டாக்கர்ஃபைலிலேயே எழுதிவிட்டால், இமேஜ் (உருவான பொதி) கைக்கு வந்த எவரும் பார்க்கலாம். இத்தகைய பொதிகளைப் பல சர்வர்களில் நிர்வகிக்கும் குபர்னெட்டிஸில், ரகசியங்களுக்கான 'சீக்ரெட்' என்ற பெயரை நம்புவோர் பலர். அதில் இருப்பது பேஸ்64 என்ற வெறும் எழுத்து மாற்று வடிவம்தான்; திருப்பிப் படிக்கச் சாவி எதுவும் வேண்டாம்.

எனவே ரகசியங்களைத் தனிக் கோப்பில் வையுங்கள். அது வலை சர்வர் வெளியே பரிமாறும் அடைவுக்குள் இருக்கவே கூடாது. ரூட் (தலைமை நிர்வாகக் கணக்கு) உரிமையாளர், செயலியின் பயனர் சேர்ந்த குழு, அனுமதி 640 (உரிமையாளர் படிக்க, எழுதலாம்; குழு படிக்க மட்டும்; மற்றவருக்கு எதுவுமில்லை) என்று அமைத்தால் செயலியால் படிக்க முடியும், திருத்த முடியாது. லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி பயன்படுத்துவோருக்கு 247ஆம் பதிப்பு முதல் லோட்கிரெடென்ஷியல் என்ற வசதியும் உண்டு. ரகசியக் கோப்பை அந்த ஒரு சர்வீஸுக்கு மட்டும் அது திறந்துவிடும். தரவுத்தளத்திலேயே எல்லா அமைப்புகளையும் வைக்கலாமே என்பாரும் உண்டு. தரவுத்தளத்தைத் திறக்கும் கடவுச்சொல்லே அதற்குள் என்றால், பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிற கதைதான். ஓடும்போதே மாற்ற வேண்டிய அமைப்புகளுக்கு மட்டும் அது சரி.

இடத்தைவிட அதிகமாகக் காலை வாரிவிடுவது படிக்கும் முறை. சூழல் மாறியில் இருப்பது எப்போதும் வெறும் எழுத்துச்சரம். பிழைவிவரம் காட்டலாமா என்று சொல்லும் டீபக் என்ற மாறிக்கு 'ஃபால்ஸ்' (இல்லை) என்று எழுதி, நிரலில் அப்படியே சோதித்தால் பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் அதை 'ட்ரூ' (ஆம்) என்றே கொள்ளும், ஏனெனில் அது வெறுமையான சரம் அல்ல. நேரடி சர்வரில் பிழைவிவரம் முழுவதும் பார்வையாளர் கண்ணில் படுவது இப்படித்தான். இன்னொன்று மேற்கோள் குறி. சூழல் மாறிகளை எழுதிவைக்கும் டாட் என்வ் கோப்பைப் படிக்கும் நூலகங்கள் பெரும்பாலும் அதை நீக்கிவிடும். டாக்கர் ரன் கட்டளைக்கு அதே கோப்பைக் கொடுத்தால் நீக்காது. கடவுச்சொல்லோடு குறியும் ஒட்டிக்கொள்ள, தரவுத்தளம் கதவைச் சாத்தும். காரணம் தேடியே பாதி நாள் போய்விடும்.

ஆகவே அமைப்புகளை நிரல் முழுக்க ஆங்காங்கே படிக்காமல், தொடக்கத்தில் ஒரே இடத்தில் படித்து, எண்ணை எண்ணாகவும் ஆம், இல்லையை அதற்குரிய வகையாகவும் மாற்றிச் சரிபாருங்கள். ஏதேனும் விடுபட்டிருந்தால், மாறியின் பெயரைச் சொல்லிச் செயலி அங்கேயே நின்றுவிட வேண்டும். மதிப்பை லாகில் எழுதக்கூடாது. முன்னிருப்பு மதிப்பு, கோப்பு, சூழல் மாறி, கட்டளை வரி என்ற வரிசையில், பின்னால் வருவது வெல்லட்டும். ரகசியத்துக்கு மட்டும் முன்னிருப்பு மதிப்பே வேண்டாம்.

உலாவியில் ஓடும் பகுதிக்கு இவை எதுவும் பொருந்தாது. உலாவிக்கான நிரலைத் தொகுக்கும் வீட் (Vite) போன்ற கருவிகள், அதற்கென முன்னொட்டு இட்ட மாறிகளின் மதிப்பை பில்ட் (தொகுப்பு) செய்யும்போதே ஜாவாஸ்கிரிப்ட் கோப்பில் பதித்துவிடும். பிறகு சர்வரில் மாறியை மாற்றினாலும் பயனில்லை, மறுபடி பில்ட் செய்தாக வேண்டும். அங்கே வைக்கும் ஏபிஐ சாவியை (வேறொரு சேவையை அழைக்கப் பயன்படும் ரகசியக் குறியை)ப் பக்கத்தைத் திறக்கும் எவரும் படிக்கலாம்.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்புப் பணியில் உள்ள வாசகர்