இங்கிலாந்தின் வைட் தீவு: நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் செயற்குழுவுக்கும், தீவின் நாலா பக்கத்திலிருந்தும் குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி மூன்றும் வழக்கம்போல் சிறப்பாக நடந்தன. மண்டப வாடகை, சமையல் செலவு பற்றிப் பொருளாளர் சொல்வார். நான் இந்த ஆண்டு நாம் புதிதாகத் தொடங்கிய மரபுச் சுற்றுலா பற்றிப் பேசுகிறேன்.

கோடை வந்தால் நம் எல்லோர் வீட்டிலும் லண்டன் விருந்தாளிகள்தான். சாண்டவுன் கடற்கரை, நீடில்ஸ் பாறைகள், ஆலம் விரிகுடாவின் வண்ண மணல் நிரப்பிய கண்ணாடிக் குப்பி ஒன்று, அப்புறம் கப்பலைப் பிடிக்க ஓட்டம். தீவுக்குப் பாலம் கிடையாது, கப்பல் கட்டணமும் அதிகம், அவசரம் புரிகிறது. ஆனால் சுமார் 1,40,000 பேர் வாழும் இந்தத் தீவில் பலருக்கு வருகிறவர்களை நம்பித்தான் பிழைப்பு. நம்மில் விடுதிகளில் வேலை செய்பவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்: அக்டோபர் முடிந்தால் வேலை நேரம் பாதியாகிவிடுகிறது. கடலும் வெயிலும் கோடைக்கு மட்டும். பழைய வீடுகளையும் அருங்காட்சியகங்களையும் மழையிலும் பார்க்கலாம். அதனால்தான் இந்த முயற்சி.

முதலில் ஆஸ்போர்ன் மாளிகை. விக்டோரியா அரசி 1901 ஜனவரியில் காலமான இடம். அங்குள்ள தர்பார் அறையை லாகூர் கலைப் பள்ளியைச் சேர்ந்த பாய் ராம் சிங் 1890களின் தொடக்கத்தில் உருவாக்கினார். சுவரும் கூரையும் வெண்கல்லில் செதுக்கியதுபோல் தெரியும். கிட்டப் போனால் எல்லாம் சுதை வேலை. கணப்புக்கு மேலே தோகை விரித்த மயிலை விட்டுப் பிள்ளைகள் நகர மறுத்தார்கள்.

நம் மனத்தை உண்மையில் பிடித்துக்கொண்டது ஃபிரெஷ்வாட்டரில் உள்ள டிம்போலா வீடு. கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரன் 1860இல் இங்கே குடியேறினார். 48 வயதில் மகள் பரிசாகக் கொடுத்த கேமராவைக் கொண்டு, கோழிக்கூட்டையே படப்பிடிப்புக் கூடமாக்கி, கவிஞர் டென்னிசனையும் டார்வினையும் படம் எடுத்தவர். வீட்டுக்கு அந்தப் பெயர் இலங்கை மலையகத்துத் திம்புள்ளயிலிருந்து வந்தது. அவர் கணவருக்கு அங்கே காப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875இல் இருவரும் இலங்கைக்குப் போய்விட்டார்கள். 1879இல் இறந்த ஜூலியாவின் கல்லறை பொகவந்தலாவவில் இருக்கிறது. இலங்கையில் அவர் எடுத்த படங்களில் சிலவே எஞ்சியுள்ளன. தோட்டத் தொழிலாளர்கள், களுத்துறைக் கிராமத்து மக்கள். இங்கிலாந்துப் படங்களில் இருப்பவர்களுக்குப் பெயர் உண்டு. அந்த இலங்கை முகங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பெயரே இல்லை. அந்தக் காலத் தோட்டங்களில் உழைத்தவர்கள் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து போன நம் சனங்கள். மலையகத்தில் பிறந்து வளர்ந்த நம் மூத்த உறுப்பினர் அக்கா ஒருவர் அந்தப் படங்களின் அச்சுப் பிரதிகளின் முன் வெகுநேரம் நின்று, சேலை கட்டிய விதத்தையும் காதணியையும் பிள்ளைகளுக்குக் காட்டி விளக்கினார். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே இந்த முயற்சி தகும் என்பது என் கருத்து. 1990களின் தொடக்கத்தில் இடிபட இருந்த வீடு அது. ஆர்வலர்கள் அறக்கட்டளை அமைத்துக் காப்பாற்றினார்கள்.

ஹேவன்ஸ்ட்ரீட் நீராவி ரயிலுக்கும் போனோம். 1966க்குள் தீவின் பெரும்பாலான ரயில் பாதைகள் மூடப்பட்டுவிட்டன. 1891இல் செய்த கால்போர்ன் எஞ்சினைத் தன்னார்வலர்கள்தான் மீட்டுப் பராமரிக்கிறார்கள். அங்குள்ள பழைய பெட்டிகள் சில, கடலோர விடுமுறைக் குடிசைகளாகவும் பண்ணைக் கொட்டகைகளாகவும் கிடந்து, பிறகு மறுபடி தண்டவாளத்துக்கு வந்தவை. கைப்பிடிகளைப் பளபளப்பாகத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு முதியவர், இளையவர்கள் வராததை எண்ணிக் கவலைப்பட்டார். நாம் போகலாமே.

சரி, அடுத்த ஆண்டுக்கு இரண்டு முன்மொழிவுகள். ஒன்று, டிம்போலா, ஆஸ்போர்ன் பற்றிச் சிறு தமிழ் வழிகாட்டிப் பிரசுரம், விருந்தாளிகளுக்கு இலவசம். மலையகப் பகுதியை நம் அக்கா எழுத ஒப்புக்கொண்டிருக்கிறார். இரண்டு, உறவினரை நவம்பர், பிப்ரவரி மாதங்களில் வரச்சொல்லி அழைப்பது. தங்க இடம் நாம் ஏற்பாடு செய்வோம். துணைத் தலைவர் வழிமொழிந்துள்ளார். உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்