பத்துக்கு எத்தனை

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து பதினாறு நாளாகிறது. பதில் தாமதமானதற்குச் சோம்பல் காரணமில்லை. இப்போதெல்லாம் ஒரே இருப்பில் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நான் உட்கார்வதில்லை. மேசையில் ஒரு சின்ன அலாரம் வைத்திருக்கிறேன். அது அடித்தால் வாக்கியம் பாதியில் நின்றாலும் எழுந்துவிடுவேன். அதனால் இந்தக் கடிதத்தில் அங்கங்கே தையல் தெரிந்தால் கண்டுகொள்ளாதே.

நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். மகள் வேலைக்குச் சேர்ந்தது இரண்டு வரி, மற்றதெல்லாம் இடுப்பு. குறையாகச் சொல்லவில்லை. ஐந்து வருடத்துக்கு முன் நான் உனக்கு எழுதியதை எடுத்துப் பார், அதில் மகன் திருமணமே ஒரு வரிதான் இருக்கும்.

ஸ்கேன் ரிப்போர்ட்டை வரிக்கு வரி எழுதி அனுப்பியிருக்கிறாய். ‘தேய்மானம்’, ‘டிஸ்க் பிதுக்கம்’ இரண்டுக்கும் அடியில் இரட்டைக் கோடு. முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருப்பதுதான் டிஸ்க். எனக்கும் இதே இரண்டு சொற்கள்தான் வந்தன. அன்றிலிருந்து என் முதுகை விரிசல் விட்ட கண்ணாடிச் சாமான் மாதிரி தூக்கிக்கொண்டு நடந்தேன். பிற்பாடுதான் ஒரு கணக்கு கண்ணில் பட்டது. முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015இல் வந்திருக்கிறது. வலி இல்லாத இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்ததாம். ஐம்பது வயதில் அது 80 சதவீதம். பிதுக்கம் ஐம்பது வயதில் 60 சதவீதம். நம் வயதில் ஒன்றுமே இல்லாதவர்கள்தான் குறைவு! தலை நரைத்ததை யாரும் ரிப்போர்ட்டில் எழுதி நம்மைப் பயமுறுத்தவில்லையே.

உன் டிஸ்கில் ஒன்றும் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கு அந்தத் தகுதியும் கிடையாது. ஆனால் படத்தில் தெரிவதும் உடம்பில் வலிப்பதும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தியே தீரும் என்று நினைத்து நான் நான்கு வருடம் வீணாக்கினேன். எங்கோ ஒரு இடம் உடைந்திருக்கிறது, அதைக் கண்டுபிடித்தால் போதும் என்று ஒவ்வொரு கதவாகத் தட்டினேன்.

ஒரு கதை சொல்கிறேன், நடந்த கதை. 1995இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. இருபத்தொன்பது வயதுக் கட்டடத் தொழிலாளி ஒருவர் குதித்தபோது 15 சென்டிமீட்டர் ஆணி அவர் பூட்ஸைத் துளைத்துக்கொண்டு மேலே வந்துவிட்டது. ஆணியைக் கொஞ்சம் அசைத்தாலும் துடிக்கிறார். வலி மருந்தும் மயக்கம் தரும் மருந்தும் கொடுத்து, ஆணியைக் கீழே இழுத்து, பூட்ஸைக் கழற்றிப் பார்த்தால், ஆணி விரல் இடுக்கு வழியாகப் போயிருக்கிறது. காலில் ஒரு கீறல் இல்லை. அந்த மனிதர் நடிக்கவில்லை, வசந்தி. அவருக்கு நிஜமாகவே வலித்தது. இதற்கு நேர்மாறாக, இரண்டாம் உலகப்போரில் ஹென்றி பீச்சர் என்ற மருத்துவர், படுகாயத்தோடு வந்த வீரர்களில் பெரும்பாலோர் வலிக்கு மருந்து கேட்கவில்லை என்று கண்டு எழுதிவைத்தார். சண்டையிலிருந்து உயிரோடு தப்பிவிட்டோம் என்ற நிம்மதி அவர்களுக்கு. அடிக்கு ஏற்ற வலி என்று எந்த விகிதமும் இல்லை. ஆபத்து இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று மூளை போடும் கணக்குதான் வலியாக வருகிறது. அந்தக் கணக்கு சில சமயம் தப்பாகிவிடுகிறது.

எப்படித் தப்பாகிறது என்பதற்கு நம் பழமொழியே போதும்: அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். வலிச் செய்தி மாதக்கணக்கில் வந்துகொண்டே இருந்தால், அதை வாங்கி மேலே அனுப்பும் தண்டுவட நரம்பணுக்களே அரண்டுபோகின்றன. கொஞ்சம் தூண்டினாலும் கத்துகின்றன. கிளிஃபோர்ட் வுல்ஃப் 1983இல் இதைக் காட்டினார். அதன் பிறகு லேசான அழுத்தம், சாதாரணக் குனிவு, சில பேருக்குத் துணி உரசுவதுகூட வலியாகிவிடுகிறது. தொடக்கத்தில் பட்ட காயம் எப்போதோ ஆறியிருக்கும். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, திரும்பத் திரும்ப வந்தாலோ அதை நாள்பட்ட வலி என்கிறார்கள். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அதற்குத் தனி இடமே கொடுத்திருக்கிறார்கள்.

அரண்ட நரம்பைச் சமாதானப்படுத்தவும் முடியும் என்பதுதான் எனக்குத் தெம்பு கொடுத்த விஷயம். முழங்காலை இடித்துக்கொண்டால் கை தானாகப் போய்த் தேய்க்கிறது இல்லையா? 1965இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவரும் தண்டுவடத்தில் ஒரு கதவு இருப்பதாக வைத்துக்கொண்டு இதை விளக்கினார்கள். தொடு உணர்வு பருமனான நரம்பிழைகளில் வேகமாக வந்து, மெல்லிய இழைகளில் ஊர்ந்து வரும் வலியின் கதவைப் பாதி சாத்திவிடுகிறது. மூளையும் மேலிருந்து அதைச் சாத்தலாம், திறக்கலாம். பயம், தூக்கமின்மை, கவலை எல்லாம் திறந்துவிடும் கைகள். விளக்கத்தின் நுணுக்கங்கள் பின்னால் மாறிவிட்டன. ஆனால் வலி கீழிருந்து மேலே மட்டும் போகும் ஒற்றைக் கம்பி என்ற எண்ணம் அதோடு போய்விட்டது.

இதே மெல்சாக் 1975இல் வலிக்கான சொற்களைத் தொகுத்து ஒரு கேள்வித்தாள் செய்தார். 78 சொற்கள், இருபது குழு. அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் கர்வம்தான். தமிழில் உட்கார்ந்தால் நாம் எத்தனை சொல்லுவோம்! குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், இழுப்பு, பிடிப்பு, மதமதப்பு, பிசைவது, சுளீரென்பது, விண்விண்ணென்று தெறிப்பது. இது வெறும் சொல் விளையாட்டில்லை. எரிச்சல், சுளீரென்று மின்சாரம் பாய்வது, ஊசி குத்துவது, மரத்துப்போவது என்றால் நரம்பு வலியோ என்று மருத்துவர் யோசிப்பார். கடுப்பு, குடைச்சல் என்றால் தசை, மூட்டுப் பக்கம் பார்ப்பார். நீ நான்கு பக்கத்திலும் ‘தாங்க முடியாத வலி’ என்றுதான் எழுதியிருக்கிறாய். எந்த மாதிரி வலி என்று ஓரிடத்திலும் இல்லை. அடுத்த முறை மருத்துவரிடம் போகுமுன் நம் சொல்லிலேயே எழுதி எடுத்துக்கொண்டு போ.

இன்னொரு சொல்லும் உண்டு, உளைச்சல். கை கால் உளைச்சல் என்கிறோம், மன உளைச்சல் என்றும் சொல்கிறோம். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தவர்கள் விவரமானவர்கள். உன்னிடம் யாரோ ‘எல்லாம் மனசுதான்’ என்று சொன்னதாக எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. என்னிடமும் ஒரு மருத்துவர் சொன்னார். அவர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார், என்னை மட்டும் பார்க்கவில்லை. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். வலியை ஆராயும் சர்வதேசச் சங்கம் 2020இல் வலிக்கான வரையறையைத் திருத்தியபோது, வலி என்பது உடலுணர்வும் மனவுணர்வும் சேர்ந்த அனுபவம் என்றே வைத்தது. கூடவே, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்றும் எழுதிவைத்தது. மனதுக்கும் பங்கு உண்டு என்பதும், வலி பொய் என்பதும் ஒன்றாகுமா?

சரி, நான் என்ன செய்தேன் என்று கேட்டாய். பெரிதாக ஒன்றும் இல்லை. பாத்திரம் கழுவினேன்.

சிரிக்காதே. என் பிசியோதெரபிஸ்ட் சின்னப் பெண், என் மகனைவிட இளையவள். முதல் நாள் என் நோட்டை நீட்டினேன். காலை, மதியம், இரவு, வலி பத்துக்கு எத்தனை என்று பதினான்கு மாதம் குறித்த நோட்டு. புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்தாள். “நின்று பாத்திரம் கழுவினால் எத்தனையாவது நிமிடத்தில் வலி கூடுகிறது?” என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை! வலியைப் பதினான்கு மாதம் அளந்தவளுக்கு, என்னால் என்ன முடிகிறது என்று அளக்கத் தோன்றவே இல்லை. எண்ணிக்கொண்டு வரச் சொன்னாள். மூன்று நாள் எண்ணினேன்: பதினொன்று, ஒன்பது, பத்து. “அப்படியானால் ஏழில் நிறுத்துங்கள்” என்றாள். வலிக்காவிட்டாலும் ஏழில் நிறுத்த வேண்டும். கையில் சோப்பு நுரையோடு, பாதி கழுவிய தட்டை அப்படியே வைத்துவிட்டு வருவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? என் சுபாவத்துக்கு அது வலியைவிடக் கொடுமை. வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டினோம். ஐந்து மாதத்தில் முழுப் பாத்திரமும் ஒரே நிலையில் முடிந்தது.

என் விஷயத்தில் கெட்ட நாளைவிட நல்ல நாள்தான் மோசம். வலி குறைந்த ஒரு நாளில், விட்டதையெல்லாம் பிடித்துவிடலாம் என்று அலமாரி முழுக்கத் துடைத்து அடுக்கினேன். அப்புறம் நான்கு நாள் படுக்கை. எழுந்ததும் மறுபடி அதே பேராசை. நீயும் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறாய் என்று உன் கடிதத்தின் மூன்றாம் பக்கம் சொல்கிறது.

குனிவது இன்னொரு கதை. ஒரு பென்சில் மேசைக்கடியில் விழுந்து இரண்டு நாள் கிடந்தது. வலிக்குமோ என்ற பயத்தில் நான் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தேன். அந்தப் பெண் முதலில் நாற்காலி மேல் இருப்பதை எடுக்க வைத்தாள், பிறகு முக்காலி, பிறகு தரை. தரைக்கு வர ஆறு வாரம். அன்று வலிக்கத்தான் செய்தது. ஆனால் ஒன்றும் உடையவில்லை. அரண்டவனுக்கு விளக்கைப் போட்டுக் காட்டுவது என்றால் இதுதான் போலிருக்கிறது. வாயால் ஆயிரம் தடவை பேய் இல்லை என்றாலும் அவன் நம்பமாட்டான்.

நட. எவ்வளவு சின்னதாக இருந்தாலும் நட. 2024இல் ஆஸ்திரேலியாவில் முதுகுவலி வந்து தேறிய 701 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. படிப்படியாக நடைப்பயிற்சி கூட்டி, வலியைப் பற்றியும் கற்றுக்கொண்டவர்களில் பாதிப் பேருக்கு வலி திரும்பி வர 208 நாள் ஆனது, மற்றவர்களில் பாதிப் பேருக்கு 112 நாள். அதிசயம் இல்லை, ஆனால் செலவும் இல்லை. அண்ணா ஆசையாக வாங்கித் தந்த இடுப்பு பெல்ட்டைப் பற்றிக் கேட்டாய். நாள்பட்ட இடுப்புவலிக்கு அதை வழக்கமாகப் பரிந்துரைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2023இல் சொல்லிவிட்டது. அவர் மனம் நோகாமல் பெட்டியில் வைத்துவிடு.

மாத்திரைகளைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குப் பயம். கடையில் நீயாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரைகள் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும், அதை இன்றே மருத்துவரிடம் சொல். எனக்கு இரவில் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் கொடுத்தார்கள். மனச்சோர்வு மருந்தாயிற்றே, நானென்ன அப்படியா என்று கோபம் வந்தது. நரம்பு வலிக்கும் அதைக் கொடுப்பார்களாம். வாய் காய்ந்து போகும், காலையில் மந்தம். ஆனால் தூங்கினேன். தூங்கியதுதான் பாதி வைத்தியம். ஒரு வருடத்தில் மருத்துவரே குறைத்து நிறுத்திவிட்டார்.

ஒன்றை மட்டும் மறக்காதே. சிறுநீர் மலம் அடக்க முடியாமல் போனால், தொடை இடுக்கு மரத்துப்போனால், கால் வலுவிழந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதே. காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, காய்ச்சலோடு வலித்தாலோ அதையும் உடனே காட்டு. அந்த நேரத்தில் இந்தக் கடிதத்தின் தத்துவமெல்லாம் செல்லாது.

வீட்டில் ஒரு சட்டம் போட்டேன். காலையில் எழுந்ததும் “வலி எப்படி இருக்கு?” என்று இவர் கேட்கக் கூடாது. பாவம், அன்பில்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வி வந்ததுமே நான் உடம்புக்குள் இறங்கி வலியைத் தேடுவேன், தேடினால் கிடைக்காமலா போகும்? இப்போது “இன்றைக்கு என்ன திட்டம்?” என்று கேட்கிறார். முதல் ஒரு வாரம் எனக்குப் பதில் தெரியவில்லை.

எனக்கு வலி போய்விட்டது என்று நினைத்துவிடாதே. போன மாதம்கூட மூன்று நாள் சுருண்டு படுத்தேன். பழைய பயம் முழுசாக வந்தது, மூலையில் அந்த நோட்டைத் தேடினேன். கிடைக்கவில்லை, இவர் ஒளித்துவைத்திருக்கிறார் என்று சந்தேகம். நான்காம் நாள் அலாரத்தை ஐந்து நிமிடத்துக்கு வைத்து மறுபடி தொடங்கினேன்.

அடுத்த கடிதத்தில் பத்துக்கு எத்தனை என்று எழுதாதே. எத்தனை நிமிடம் நின்றாய், எங்கே வரை நடந்தாய், அதை எழுது. அப்புறம், மகளுக்கு இரண்டு வரி போதாது. என்ன வேலை, எத்தனை மணிக்குக் கிளம்புகிறாள், முதல் சம்பளத்தில் உனக்கு என்ன வாங்கித் தந்தாள், எல்லாம் வேண்டும். அலாரம் அடித்துவிட்டது.

உன்
மீனா