துப்பறியும் கதைச் சொற்களுக்குப் பொருள் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

துப்பறியும் கதைகளைப் புதிதாகப் படிக்க வருவோருக்காகத் தங்கள் இதழ் வெளியிட்ட சொற்பட்டியல் பாராட்டத்தக்க முயற்சி. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வரிப் பொருளோடு நின்றுவிட்டீர்கள். இவ்வகைக் கதையில் முடிச்சு விழுவதும் அவிழ்வதும், ஒரு தடயம் எதை நிரூபிக்கும், எதை நிரூபிக்காது என்பதில்தான். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் வாசகர் துப்பறிவாளரை முந்திக்கொண்டு விடையைப் பிடிக்க முடியும்.

பட்டியலில் பிரேத விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் ஒரே வரியில் வந்துள்ளன. இரண்டும் வேறு. பிரேத விசாரணை என்பது உடல் கிடந்த இடத்துக்குப் போலீஸ் அதிகாரி சென்று, அக்கம்பக்கத்தில் குறைந்தது இருவரைப் பஞ்சாயத்தாராக, அதாவது விசாரணைச் சாட்சிகளாக வைத்துக்கொண்டு, வெளியே தெரியும் காயங்களையும் மரணத்துக்கான வெளிப்படையான காரணத்தையும் எழுதுவது. உடலை அறுத்துப் பார்க்கும் டாக்டரின் வேலைதான் பிரேதப் பரிசோதனை. கொன்றது யார் என்று பிரேத விசாரணை அறிக்கையில் எழுத வேண்டிய கட்டாயமே இல்லை. "அறிக்கையில் என் கட்சிக்காரர் பெயரே இல்லை" என்று வக்கீல் முழங்கியதும் வழக்கு உடைந்துவிடுவதாக எழுதப்படும் கதைகள் சறுக்குவது இங்கேதான்.

விஷம் வரும் கதைகளில் இன்னொரு தவறு உண்டு. உள்ளுறுப்புகளை டாக்டர் ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட்டு அனுப்புவதாக எழுதுவார்கள். ஃபார்மலின் திசுவைக் கெட்டியாக்கிவிடும். அதிலிருந்து விஷத்தைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. ரசாயனப் பரிசோதனைக்குப் போகும் உறுப்புகளைப் பொதுவாகச் செறிவான உப்புக் கரைசலில்தான் வைப்பார்கள்.

மரண விறைப்புக்கு 'உடல் விறைத்துப்போதல்' என்று பொருள் தந்திருக்கிறீர்கள். வாசகருக்கு வேண்டியது அதன் நேரக் கணக்கு. கண்ணிமை, தாடை, கழுத்து என்று தொடங்கிக் கீழ்நோக்கிப் போகும். நம் ஊர் வெப்பத்தில் ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே ஆரம்பித்துவிடும்; கோடையில் பெரும்பாலும் ஒன்றரை நாளுக்குள் தளர்ந்தும்விடும். குளிர்நாட்டுக் கதைகளில் இது மெதுவாக நடக்கும். அந்தக் கணக்கை அப்படியே மே மாதத்து மதுரைக்குக் கொண்டுவந்தால் கொலை நேரம் பிசகிவிடும், அதை நம்பி நிற்கும் அலிபியும் (கொலை நேரத்தில் வேறிடத்தில் இருந்தேன் என்ற வாதம்) சரிந்துவிடும்.

இதைவிட அருமையான தடயம் ஒன்று பட்டியலில் இடம்பெறவே இல்லை. இதயம் நின்றதும் ரத்தம் உடலின் தாழ்வான பக்கம் இறங்கித் தேங்கும். ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் அங்கங்கே கருஞ்சிவப்புத் திட்டுகள் தெரியும். ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் அந்த நிறம் நிலைத்துவிடும். அதன்பின் உடலைப் புரட்டினாலும் பெரும்பாலும் இடம் மாறாது. தரையில் அழுந்திய இடங்களான தோள்பட்டையும் பிட்டமும் மட்டும் வெளிறியே இருக்கும். ஆகவே குப்புறக் கிடக்கும் பிணத்தின் முதுகில் அந்த நிறம் இருந்தால், மல்லாந்த நிலையில் சில மணி நேரம் கிடந்த உடலை யாரோ பிறகு புரட்டியிருக்கிறார்கள் அல்லது வேறிடத்திலிருந்து கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். டாக்டர் பாத்திரம் "முதுகு கருத்திருக்கிறது" என்று போகிறபோக்கில் சொல்லும் வரியை வாசகர் தாண்டிப் போய்விடக் கூடாது.

ரிவால்வர், பிஸ்டல் இரண்டுக்கும் 'கைத்துப்பாக்கி' என்று போட்டிருப்பதும் இப்படித்தான். பிஸ்டல் சுடச்சுடக் காலித் தோட்டாவை வெளியே தள்ளிவிடும். ரிவால்வரில் அது சுழலும் உருளைக்குள்ளேயே தங்கும். ஆளே திறந்து கொட்ட வேண்டும். ரிவால்வரால் நடந்த கொலையில் தரையில் காலித் தோட்டா கிடந்தால், கொலையாளி நின்று மறுபடி குண்டு நிரப்பினானா, வேண்டுமென்றே போட்டுவைத்தானா என்ற கேள்வி எழ வேண்டும்.

சட்டச் சொற்களில் முக்கியமானது ஒப்புதல் வாக்குமூலம். போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலைக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. ஆனால் போலீஸ் காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புடைய பகுதி மட்டும் செல்லும். "கத்தியைக் கிணற்றில் போட்டேன்" என்று காட்டி, கத்தியும் கிடைத்தால் அது சாட்சியம். "அதால்தான் குத்தினேன்" என்ற பகுதி செல்லாது. கடைசி அத்தியாயத்தில் இன்ஸ்பெக்டர் முன் கொலையாளி எல்லாவற்றையும் கொட்டுவதோடு முடியும் கதையில், வழக்கு உண்மையில் நிற்குமா என்பதை இதை வைத்தே எடைபோடலாம். மாஜிஸ்திரேட் முன் தரும் ஒப்புதல் வேறு வகை. 'ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை, சொன்னால் உங்களுக்கு எதிராகவே பயன்படலாம்' என்று எச்சரித்த பிறகுதான் அவர் அதைப் பதிவு செய்ய வேண்டும்.

கைதானவுடனே ஒருவரைக் 'குற்றவாளி' என்று எழுதுவதையும் பட்டியலிலாவது தவிர்க்க வேண்டும். தீர்ப்பு வரும்வரை அவர் குற்றம்சாட்டப்பட்டவர்தான்.

பிரிவு எண்களுக்கும் ஒரு குறிப்பு தேவை. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. கொலைக்கான தண்டனைப் பிரிவு முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 302, இப்போது அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 103. சந்தேக மரணத்தின் பிரேத விசாரணைக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174 இருந்த இடத்தில் இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194. அந்தத் தேதிக்கு முன் நடந்த கொலைக்கு 302தான் பொருந்தும். பழைய கதைகளில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுப் பிழை என்று நினைக்க வேண்டாம் என்பதையும், பட்டியலைத் திருத்தி வெளியிடும்போது சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
குற்றவியல் வழக்கறிஞர் ஒருவர்,
மதுரை.