ஆவணி பிறக்கும்போது விதை கையில் வேண்டும்

எங்கள் பகுதிக்கு மானிய விதை வழங்கும் அலுவலகத்தாருக்கு, வணக்கம்.

கார்போக உருளைக்கிழங்கை எடுத்த கையோடு அதே நிலத்தில் பீன்ஸ் போடுவது நீலகிரியில் வழக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். செடி பீன்ஸ் 40, 45 நாளில் பூக்கும். 60 நாள் சுமாருக்கு முதல் பறிப்பு. எங்கள் குளிருக்கு ஒரு வாரம் முன்பின் ஆகும். ஆவணி முதல் வாரத்தில் விதைத்தால் ஐப்பசியில் பறிக்கத் தொடங்கி, உறைபனி இறங்குவதற்குள் நாலைந்து பறிப்பு பார்த்துவிடலாம்.

போன வருஷம் விதை வந்தது புரட்டாசி கடைசி வாரத்தில். மூன்று முறை அலுவலகம் வந்து கேட்டேன். "வந்துடும், போங்க" என்றார்கள். உழுது வைத்த நிலத்தை வெறுமனே போட மனசு வராமல், தாமதம் என்று தெரிந்தே விதைத்தோம்.

கேத்திப் பள்ளத்தாக்கின் அடியில் இருக்கிறது எங்கள் அரை ஏக்கர். குளிர்காற்று தண்ணீரைப் போல இறங்கிவந்து பள்ளத்தில்தான் தேங்கும். கார்த்திகைக் கடைசியில் மழை விட்டு வானம் தெளிந்தது. மேகமில்லாத ராத்திரியில்தான் உறைபனி விழும். அன்று ராத்திரியே எனக்குத் தூக்கம் போய்விட்டது. செடியைப் பனியிலிருந்து காக்கத் தண்ணீர் தெளிக்கலாம் என்று நாலு மணிக்கு எழுந்து ஸ்பிரிங்க்ளர் போடப் போனேன், குழாயில் தண்ணீர் உறைந்து நின்றது. டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் செடியெல்லாம் உப்புத் தூவினாற்போல் வெள்ளை. வெயில் ஏறிய பிறகுதான் உண்மை தெரிந்தது: வெந்நீர் ஊற்றியதுபோல் இலை கருத்துத் தொங்கியது, விரல் நீளப் பிஞ்சுகள் தொட்டால் கொழகொழத்தன. என் மனைவி ஒரு பிஞ்சைப் பறித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு பறிப்புகூட எடுக்கவில்லை.

பனியை நாங்கள் குறை சொல்லவில்லை, அது வருஷா வருஷம் வருவதுதான். ஆனால் பனிக்குத் தெரிந்த மாதம் விதை அனுப்புகிறவர்களுக்குத் தெரியாதா? ஊட்டிக்குப் பக்கத்துத் தலைக்குந்தாவில் பனியில் புல் வெளுத்தால் அன்றே பத்திரிகையில் படம் வருகிறது, பார்க்க வண்டி வண்டியாக ஆட்கள் வருகிறார்கள். அதே பனியில் கருகிய தோட்டத்தை எட்டிப் பார்க்க ஒருவரும் வரவில்லை. எத்தனை மூட்டை கொடுத்தீர்கள் என்பது உங்கள் பதிவேட்டில் இருக்கும். எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நேரம் தப்பிய விதைக்கு மானியம் கொடுத்து என்ன பயன்? உழவுக் கூலி, எரு, களை எடுத்த கூலி எல்லாம் எங்கள் கைக்காசு.

கோபத்தில் ஏதேனும் கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: ஆவணி பிறக்கும்போது பீன்ஸ் விதை எங்கள் கையில் இருக்க வேண்டும். அதற்கு வழியில்லை என்றால் ஆடி மாதமே சொல்லிவிடுங்கள். கடன் வாங்கியாவது கடையில் வாங்கி விதைத்துக்கொள்கிறோம். இந்த வருஷமும் கிழங்கு எடுக்கும் நாள் நெருங்கிவிட்டது. தயவுசெய்து தேதியை எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
கேத்திப் பள்ளத்தாக்கு விவசாயி ஒருவன்