ஸ்த்ராஸ்பூரில் இருக்கும் தம்பிக்கு

புதுச்சேரி
ஞாயிறு மாலை

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய மாதிரிக் கட்டுரையைத் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். சிவப்பு மை கொஞ்சம் அதிகம்தான், கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். அக்கா வந்திருக்கிறாள். மாடி ஒழுகுவதற்கு அப்பா ஆள் பார்த்துவிட்டார். வேறு செய்தி இல்லை.

ஆபீஸில் டெல்ஃப் பி2 பிரெஞ்சு மொழித் தேர்வு கேட்கிறார்கள் என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தாய். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. சரி, கேட்கட்டும். படிக்கிற பிள்ளையை ஏன் படிக்கிறாய் என்று கேட்கும் வழக்கம் நம் வீட்டில் கிடையாது.

முதலில் கணக்கைத் தெரிந்துகொள். நான்கு பகுதி, ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். நூற்றுக்கு 50 வந்தால் தேர்ச்சி. ஆனால் ஏதாவது ஒரு பகுதியில் 5க்குக் கீழே இறங்கினால் மொத்தம் 70 வாங்கினாலும் போச்சு. கேட்டல் அரை மணி, வாசிப்பு ஒரு மணி, எழுத்து ஒரு மணி. பேச்சுக்குத் தயாராக அரை மணி தருவார்கள், அறைக்குள் இருபது நிமிடம். நீ எழுத்துக்குப் பயப்படுகிறாய். உன்னைக் கவிழ்க்கப்போவது கேட்டலும் பேச்சும்தான். பிளஸ் டூவில் தமிழை விட்டுப் பிரெஞ்சு எடுத்து மார்க் அள்ளினாயே, அது கண்ணால் படித்த பிரெஞ்சு. பாடத்தின் கேள்வி பதிலை மனப்பாடம் செய்து, அனுப்புநர் பெறுநர் போட்டு ஒரு கடிதம் எழுதிவிட்டால் போதும். காதுக்கும் வாய்க்கும் அதில் வேலையே இல்லை. இந்த ஊரில் முக்கால்வாசிப் பிள்ளைகள் அப்படித்தான் எடுக்கிறார்கள், நீ மட்டும் என்ன செய்வாய். ஆனாலும் வகுப்பிலேயே அதிக மார்க் உனக்குத்தான், அதை இன்றைக்கும் பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

கேட்டலில் முதல் இரண்டு பதிவுகளும் இரண்டு முறை ஒலிக்கும். கடைசிப் பயிற்சியில் மூன்று சின்னப் பதிவுகள் வரும், அவை ஒரே முறைதான். அங்கேதான் மார்க் போகும். பதிவு ஓடும்போது குறிப்பு எழுதிக்கொண்டிராதே. கேள்விகளை முன்னாலேயே படித்து, பேசுகிறவர் ஆதரிக்கிறாரா, எதிர்க்கிறாரா, சந்தேகப்படுகிறாரா என்பதை மட்டும் பிடி. தினமும் காலையில் வானொலிச் செய்தி பத்து நிமிடம், பிறகு அதையே உன் சொந்த வாக்கியத்தில் சத்தமாகச் சொல். மனசுக்குள் சொல்வது கணக்கில் வராது. சத்தமாக.

உச்சரிப்பில் நம்மவர்கள் விழும் இடம் மூன்று. மூக்கொலிகள் மூன்றையும் ஒன்றாக்கிவிடுவோம். உதட்டைக் குவித்துச் சொல்லும் உகரத்தைச் சாதாரண 'உ' ஆக்குவோம், அதனால் பிரெஞ்சில் 'மேலே' என்ற சொல்லும் 'கீழே' என்ற சொல்லும் ஒன்றாகிப்போகும். ரொட்டிக்கும் குளியலுக்கும் உள்ள பிரெஞ்சுச் சொற்கள் உன் வாயில் ஒரே சொல்லாக வருகின்றன, முதல் எழுத்தில் தொண்டை அதிர்கிறதா என்று கை வைத்துப் பார். ஆண்டுகளை எழுத்தில் எழுதி வைத்துப் படிக்காதே. 1992 என்பதை எண்ணாகப் பார்த்துத் தடுமாறாமல் சொல்ல வரவேண்டும். பேச்சுத் தேர்வில் இந்த ஆண்டுக்காகத் திணறினால் அடுத்த இரண்டு வாக்கியமும் சேர்ந்து நாசம்.

எழுத்தில் கேட்பது குறைந்தது 250 சொல். நீ நானூற்றுக்குப் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். நீளத்துக்குக் கூடுதல் மார்க் கிடையாது, பிழைக்கு மட்டும் இடம் கூடும். 270க்கு மேல் போகாதே. இரண்டு இடைவெளிக்கு நடுவில் இருப்பது ஒரு சொல், அதனால் 'அதாவது' என்னும் 'செத்-ஆ-தீர்' ஒரே சொல்தான். பத்து நிமிடம் திட்டம், நாற்பது நிமிடம் எழுத்து, கடைசிப் பத்து நிமிடம் வினைமுற்றும் பால் எண் பொருத்தமும் மட்டும் பார். 'நான் நினைக்கவில்லை' என்று தொடங்கினால் பின்னால் சப்ஜோங்க்திஃப், அந்தச் சந்தேகத்தைக் காட்டும் வினை வடிவம், போடு. 'நான் நினைக்கிறேன்' என்றால் போடாதே. நீ நாலு இடத்திலும் மாற்றிப் போட்டிருக்கிறாய்.

இதையெல்லாம் ஒரு மாதத்தில் சரிசெய்துவிடலாம். எனக்குக் கவலை கட்டுரையின் பொருள். ஐரோப்பிய ஒற்றுமையைத் தொடங்கிவைத்தது பிரான்ஸ், ஆகவே பிரெஞ்சுக்காரர்கள் அதை விரும்புகிறார்கள், வலதுசாரிகள் மட்டும் எதிர்க்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். அந்த ஊரிலேயே உட்கார்ந்துகொண்டு இப்படி எழுதலாமா?

தொடங்கிவைத்தது உண்மை. 1950 மே 9 அன்று பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ஷூமான் அறிவித்த நிலக்கரி, எஃகுத் திட்டத்தைத் தயாரித்தது மொனே. ஆனால் நாலே வருடத்தில் என்ன நடந்தது? ஐரோப்பியப் பொது ராணுவம் என்ற யோசனையும் பிரான்ஸ் கொண்டுவந்ததுதான். 1954 ஆகஸ்ட் 30 அன்று அதைக் கொன்றதும் பிரெஞ்சு நாடாளுமன்றம்தான், 319க்கு 264. ஒப்பந்தத்தை எடுத்து விவாதிக்கக்கூட இல்லை, ஒரு நடைமுறைத் தீர்மானத்திலேயே கதையை முடித்தார்கள். தெகோலின் ஆட்களான கொலிஸ்டுகளும் கம்யூனிஸ்டுகளும் ஒரே பக்கம் வாக்களித்தார்கள், சோஷலிஸ்டுகள் இரண்டாகப் பிளந்தார்கள். தங்கள் ராணுவம் வேறொருவர் கைக்குப் போகிறது என்று ஒரு பக்கம், ஜெர்மனி மறுபடி ஆயுதம் எடுக்கிறது என்று மறுபக்கம். அப்போது பிரதமர் மந்தேஸ் பிரான்ஸ். நம் ஊருக்கு அவரை நன்றாகவே தெரியும். புதுச்சேரிக்குப் பக்கத்துக் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தது அதே வருடம் அக்டோபர் 18, நிர்வாகம் கைமாறியது நவம்பர் 1. இரண்டும் அவர் காலத்தில்தான். இதை நீ பேச்சுத் தேர்வில் சொன்னால் கேட்கிறவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள், பாண்டிப் பிள்ளையைத் தவிர வேறு யாரும் சொல்லமாட்டார்கள்.

அங்கே ஐரோப்பா பற்றிய பிளவுக் கோடு கட்சிகளுக்கு நடுவில் ஓடவில்லை, ஒவ்வொரு கட்சிக்கும் உள்ளே ஓடுகிறது. இதை மறக்காதே. ஜனாதிபதி தெகோல் 1965 ஜூலையில் பிரசெல்ஸ் கூட்டங்களுக்கு அமைச்சர்களை அனுப்பாமல் ஏழு மாதம் நாற்காலியைக் காலியாக விட்டார். விவசாயிக்கு ஐரோப்பியப் பணம் வேண்டும், ஆனால் பெரும்பான்மை வாக்கால் பிரான்ஸைத் தோற்கடிக்கும் உரிமை யாருக்கும் கூடாது. 1966 ஜனவரியில் லக்சம்பர்க்கில் அதற்கு ஏற்றபடி ஒரு சமரசம் எழுதிக்கொண்டார்கள். அந்த மனசு இன்றைக்கும் போகவில்லை. தென் அமெரிக்க நாடுகளோடு மெர்கோசூர் வர்த்தக ஒப்பந்தம் என்றதும் இடது வலது எல்லாம் சேர்ந்து எதிர்த்தது ஏன் என்று யோசித்துப் பார், புரியும்.

இரண்டு வாக்கெடுப்புகளை மட்டும் மனப்பாடம் செய். ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்த்ரிக்த் ஒப்பந்தம், 1992 செப்டம்பர் 20, ஆம் 51.04 சதவீதம். ஐரோப்பிய அரசியல் சாசன ஒப்பந்தம், 2005 மே 29, வேண்டாம் 54.67 சதவீதம். இரண்டாவதில் 'வேண்டாம்' என்றவர்களில் இரண்டு கூட்டம். நாட்டின் இறையாண்மை போகிறது என்ற வலது. இது சந்தைக்கான ஐரோப்பா, தொழிலாளிக்கானது அல்ல என்ற இடது. சோஷலிஸ்ட் கட்சி உள்கட்சி வாக்கெடுப்பு நடத்தி 'ஆம்' என்றது, அதே கட்சியின் முன்னாள் பிரதமர் ஃபாபியுஸ் 'வேண்டாம்' என்று பிரசாரம் செய்தார். 'வேண்டாம்' என்ற இடதுசாரி பெரும்பாலும் ஐரோப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை, வேறொரு ஐரோப்பா வேண்டும் என்றார். பிறகு அந்த ஒப்பந்தத்தின் பெரும்பகுதி லிஸ்பன் ஒப்பந்தமாக வந்தது. 2008இல் மக்களைக் கேட்காமல் நாடாளுமன்றமே அதை ஏற்றது. இன்றைக்கும் பிரெஞ்சுக்காரர் யாரிடமாவது ஐரோப்பா பற்றிப் பேசினால் பத்தாவது நிமிடத்தில் 2005 வந்துவிடும். உன் கட்டுரையில் ஒரு இடத்திலும் வரவில்லை.

நீ இருக்கும் அல்சாஸ் இரண்டு முறையும் 'ஆம்' என்றது. 2005இல் பிரான்ஸின் பெருநிலத்தில் அப்படிச் சொன்ன பகுதிகள் வெகு சிலதான். காரணம் தேடி எங்கும் போகவேண்டாம், டிராமில் ஏறி ரைன் ஆற்றைக் கடந்தால் கேல் ஊர், ஜெர்மனி. அதனால் உன் அக்கம்பக்கத்தில் கேட்பதை வைத்து நாடு முழுவதும் இப்படித்தான் என்று எழுதாதே.

தீவிர வலதுசாரியான லு பென் கட்சி ஒன்றியத்திலிருந்து வெளியேறச் சொல்கிறது என்று எழுதியதும் பழைய கதை. 2017க்குப் பிறகு யூரோவை விடும் பேச்சை அவர்களே விட்டுவிட்டார்கள், உள்ளே இருந்து மாற்றுவோம் என்கிறார்கள். 2024 ஜூன் 9 ஐரோப்பியத் தேர்தலில் 31.37 சதவீதம் வாங்கியதும் அந்தப் பேச்சோடுதான். மக்ரோன் சொல்லும் வலிமையான, தன் காலில் நிற்கும் ஐரோப்பாவும் கொஞ்சம் பெரிய பிரான்ஸ்தான், என் அபிப்பிராயம். 2019 சட்டப்படி வகுப்பறையில் பிரெஞ்சுக் கொடியோடு ஐரோப்பியக் கொடியும் மாட்டவேண்டும். மாட்டிவிட்டார்கள். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை எப்படி வாக்களிக்கிறது என்பது வேறு.

இந்திய மாநிலங்கள் போல் ஐரோப்பாவும் ஒன்றாகும் என்ற உன் கடைசிப் பத்தியை எடுத்துவிடு. விவாதத்தில் முதல் கேள்வியே, ஒன்றியத்தின் பட்ஜெட் உறுப்பு நாடுகளின் வருமானத்தில் ஏறக்குறைய ஒரு சதவீதம், அதை வைத்து எப்படி ஒரு நாடு ஆகும் என்று வரும். என்ன சொல்வாய்?

பேச்சுத் தேர்வில் இரண்டு துண்டுச் செய்தி பார்க்கக் கொடுப்பார்கள், ஒன்றை எடுத்துக்கொள். அதைச் சுருக்கிச் சொல்லாதே, நம் பிள்ளைகள் எல்லோரும் செய்யும் தப்பு அதுதான். அதற்குள் இருக்கும் பிரச்சினையை ஒரு கேள்வியாக மாற்று. ஐந்து முதல் ஏழு நிமிடம் உன் பேச்சு, மிச்சம் விவாதம். உன் கருத்துக்கு மார்க் இல்லை, அதை எப்படிக் காப்பாற்றுகிறாய் என்பதற்குத்தான். மடக்கினால் விட்டுக்கொடுத்துவிடாதே. நீ சின்ன வயதிலிருந்தே யாராவது அழுத்திக் கேட்டால் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, உன் இஷ்டத்துக்குப் போய்விடுவாய். அங்கே அது செல்லாது. ஒரு பாதியை ஒத்துக்கொள், மறுபாதியில் நில். சத்தமாகப் பழகு என்று சொன்னேனே.

தம்பி, 2026 ஜனவரி 1 முதல் பத்து வருடக் குடியிருப்பு அட்டைக்கு பி1, பிரெஞ்சுக் குடியுரிமைக்கு பி2 என்று மாற்றிவிட்டார்கள். கூடவே குடிமைத் தேர்வும் உண்டு, 40 கேள்வி, 45 நிமிடம், 32 சரியாக இருக்கவேண்டும். பிரெஞ்சு வாத்தியாருக்கு இது தெரியாமல் இருக்குமா. உன் ஆபீஸுக்கும் அதே பி2 போலிருக்கிறது. இங்கே இரண்டு பாஸ்போர்ட் வைத்துக்கொள்ள முடியாது, அதுவும் உனக்குத் தெரியும். 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரியை இந்தியாவுக்குக் கொடுத்த ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது ஆறு மாதம் கெடு கொடுத்தார்கள், நம் தெருவில் பாதிப் பேர் பிரெஞ்சுக் குடியுரிமையே போதும் என்று எழுதிக் கொடுத்தார்கள், தாத்தா கொடுக்கவில்லை. அப்பா இந்தக் கடிதத்தைப் படிக்கமாட்டார், சொல்வதானால் நீயே சொல்.

தேர்வு அன்று அடையாளத்துக்கு பாஸ்போர்ட், கறுப்பு மைப் பேனா இரண்டு. அடுத்த வாரத்துக்கு ஒரு தலைப்பு: மாதாந்திரக் கூட்டங்களை ஸ்த்ராஸ்பூரிலிருந்து பிரசெல்ஸுக்கு மாற்றும் யோசனையை எதிர்த்து ஐரோப்பிய நாடாளுமன்றத் தலைவருக்கு ஒரு குடியிருப்பாளர் எழுதும் கடிதம், 250 சொல். கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்பு, கணினியில் அடித்தால் அதுவே பிழையைத் திருத்திவிடும். கடிகாரம் வைத்து எழுது, எத்தனை நிமிடம் ஆனது என்று மேலே குறி.

அம்மா