ஷோபா யாருடைய கதையிலும் ஒரு அத்தியாயம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழில் நடிகை ஷோபாவைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நாலு பக்கம். அதன் கடைசிப் பத்தியில், இயக்குநர் பாலு மகேந்திராவின் வாழ்க்கையில் வந்துபோன சோகமான அத்தியாயம் ஷோபா என்று உங்கள் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அந்த வரியோடு இதழை மூடி வைத்துவிட்டேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. திரும்ப எடுத்து முதலிலிருந்து படித்தேன், இந்தப் பெண் என்ன நடித்தாள் என்று எங்கேயாவது சொல்லியிருக்கிறாரா என்று பார்க்க. 'முள்ளும் மலரும்', 'பசி' என்று இரண்டு பெயர் இருக்கிறது. தேசிய விருது பெற்றவர் என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை. அவ்வளவுதான் ஐயா. மீதியெல்லாம் கல்யாணம் நடந்ததா இல்லையா, அம்மா என்ன சொன்னார், கடைசி நாளில் வீட்டில் யார் யார் இருந்தார்கள், எப்படி இறந்தார்.

நீங்கள் பல வருடம் சினிமாப் பக்கத்தைப் பார்த்தவர். உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியது எதுவும் இல்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் இதழ் சொல்லவில்லை.

சந்திரபாபு இயக்கிய 'தட்டுங்கள் திறக்கப்படும்' 1966-ல் வந்தது. அதில் சின்னக் குழந்தையாக வந்தவர் ஷோபா. மலையாளத்தில் குழந்தை நட்சத்திரமாகக் கேரள அரசின் விருது வாங்கியிருக்கிறார். 1977-ல் கன்னடத்தில் 'கோகிலா', அடுத்த வருடம் காசிநாத்தின் 'அபரிசிதா', மலையாளத்தில் 'உத்ராட ராத்ரி', தெலுங்கில் பாபு இயக்கிய படம், தமிழில் பாலசந்தரின் 'நிழல் நிஜமாகிறது', மகேந்திரனின் 'முள்ளும் மலரும்'. ஒரே 1978-ல் நாலு மொழி. அந்த வருடம் செப்டம்பரில்தான் வயது பதினாறே ஆனது. இதெல்லாம் ஒரு வரிக்குக்கூட ஆகாத சமாசாரமா?

'நிழல் நிஜமாகிறது' படத்தில் கமல் இருக்கிறார், சுமித்ரா இருக்கிறார், சரத்பாபு இருக்கிறார். படத்தைத் தூக்கிச் சுமக்கிறது வேலைக்காரப் பெண் திலகம்தான். ஒன்றும் தெரியாமல் கிராமத்திலிருந்து வந்த சிறுமி, ஏமாந்து வயிற்றில் பிள்ளையோடு நிற்கிறவளாக ஆகிறாள். அந்த மாற்றத்தை அழுது கூப்பாடு போடாமல் செய்து காட்டினார் ஷோபா. 'முள்ளும் மலரும்' கடைசிக் காட்சி எல்லோருக்கும் மனப்பாடம். ஊரே கல்யாணத்துக்கு அந்தப் பக்கம் கிளம்பி நிற்கிறது, ஒற்றைக் கையோடு அண்ணன் காளி இந்தப் பக்கம் தனியாக நிற்கிறான். நடுவில் தங்கை வள்ளி, நம் ஷோபா. அவளுக்கு அங்கே வசனம் கிட்டத்தட்ட இல்லை. நடை தயங்குகிறது, முகம் உடைகிறது, எல்லோரையும் விட்டுவிட்டு அண்ணனிடம் ஓடி வருகிறாள். ரஜினியின் நடிப்பை இத்தனை வருடமாகக் கொண்டாடுகிறோம், தகும்தான். ஆனால் ஓடி வந்தவள் அப்படி ஓடி வராமல் இருந்திருந்தால் காளிக்கு அந்த உயரம் எங்கிருந்து வந்திருக்கும்? இதை ஒரு சினிமா விமர்சகர் எழுதி நான் படித்ததில்லை.

1979-ல் துரையின் 'பசி'. குப்பம்மா. காகிதம் பொறுக்குகிற சென்னைக் குடிசைப் பெண், சைக்கிள் ரிக்‌ஷாக்காரரின் மகள். வீட்டில் பேசுகிற மொழி மலையாளம் என்றிருந்த பெண், கோணியைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிற நடையில் அந்தக் குடிசைக்காரியாகவே இருந்தாள். சிறந்த நடிகை தேசிய விருதைத் தமிழ்ப் படத்துக்காக வாங்கியவர்களில் லட்சுமிக்கு அடுத்தவர் இவர். ஊர்வசி என்பது அந்த விருதின் பழைய பெயர்; 'ஊர்வசி ஷோபா' என்று ஊரே சொன்னது இதனால்தான், உங்கள் கட்டுரையில் வருகிற காரணங்களால் இல்லை. அதே வருடக் கடைசியில் 'அழியாத கோலங்கள்' இந்து டீச்சர். 'மூடுபனி' அவர் போன பிறகு திரைக்கு வந்தது. நீங்கள் 'மூடுபனி' என்று குறிப்பு போட்டு அச்சிட்டிருக்கிற புகைப்படம் 'அழியாத கோலங்கள்' படத்தில் வருவது, அதையாவது திருத்துங்கள்.

இனி அந்தக் காதல் விஷயம். ஷோபா பிறந்தது 1962 செப்டம்பர். இறந்தது 1980 மே முதல் தேதி. பதினெட்டு முடியவில்லை. பாலு மகேந்திரா 1939-ல் பிறந்தவர், ஏற்கெனவே குடும்பம் உள்ளவர். இந்த வருடங்களைக் கட்டுரையிலேயே அச்சடித்துவிட்டு, அடுத்த பத்தியில் 'காவியக் காதல்' என்று எழுத எப்படிக் கை வந்தது? பெண்ணின் திருமண வயதைப் பதினெட்டாக்கி 1978-லேயே சட்டத்தைத் திருத்தியாகிவிட்டது. பாலு மகேந்திராவின் படங்கள்மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு, 'வீடு' மாதிரி ஒரு படம் தமிழில் திரும்ப வரவில்லை. இரண்டு பேரும் இன்று இல்லை. நடந்தது என்ன என்று தீர்ப்புச் சொல்ல உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. ஆனால் பதினேழு வயதுப் பெண்ணைப் பதினேழு வயதுப் பெண் என்று எழுத முடியும் அல்லவா?

எனக்கும் ஷோபாவுக்கும் ஒரே வயது. அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது என்று நினைக்கிறேன். அந்த மே மாதம் நான் பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு, மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரிக்கு அப்ளிகேஷன் வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பள்ளியில் ஆண்டு விழா நாடகம் என்றால் நான் இல்லாமல் நடக்காது. பெரியப்பா ஒரு வாரப் பத்திரிகையை வாங்கி வந்து திண்ணையில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தார். அதுவும் உங்கள் கட்டுரை மாதிரியேதான் இருந்தது. அவள் என்ன நடித்தாள் என்று ஒரு சொல் இல்லை, எப்படிச் செத்தாள் என்பது மட்டும் வரிக்கு வரி இருந்தது. படித்து முடித்துவிட்டு அப்பாவைப் பார்த்து, "நாடகம் ஆடுற புள்ளைகளுக்கு இதான் முடிவு, இவளை மதுரைக்கு அனுப்பிட்டு நாம என்ன பண்றது" என்றார். அப்பா ஒன்றும் பேசவில்லை. அப்ளிகேஷன் அலமாரியில் துணிகளுக்கு அடியில் அப்படியே கிடந்தது. பிறகு அஞ்சல் வழியில் படித்தேன், ஆசிரியை ஆனேன், ஓய்வும் பெற்றுவிட்டேன். குறை ஒன்றும் இல்லை. ஆனால் பத்திரிகையில் எழுதுவது காற்றோடு போகிறது என்று மட்டும் யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். அந்த வாரம் குப்பம்மாவைப் பற்றி, வள்ளியைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தால் பெரியப்பா அதையும் சத்தமாகத்தானே படித்திருப்பார்?

உங்கள் இதழ்மேல் எனக்கு இந்த வருத்தம் புதிது இல்லை. சாவித்திரியைப் பற்றி எழுதினீர்கள், நினைவிழந்து படுக்கையில் கிடந்த நாட்களைப் பற்றியே பெரும்பகுதி. 1968-ல் தெலுங்கில் 'சின்னாரி பாப்பலு', அடுத்த வருடம் தமிழில் 'குழந்தை உள்ளம்' என்று அவர் படம் இயக்கியவர் என்பது அதில் இல்லவே இல்லை. அதைக் குறிப்பிட்டுக் கடிதம் போட்டேன், அது இதழில் வரவில்லை. செப்டம்பர் 23 வந்தால் சில்க் ஸ்மிதா மறைந்த நாள் என்று தவறாமல் படம் போடுகிறீர்கள். அதே தேதிதான் ஷோபா பிறந்த நாள். ஒரு வருடமாவது போட்டதுண்டா? 'முள்ளும் மலரும்' படத்தில் மங்காவாக வந்து காளியையே மிரட்டிய படாபட் ஜெயலட்சுமியும் அதே 1980-ல்தான் போனார். அவரைத் தேடினாலும் கிடைப்பது மரணச் செய்திதான். நம் நடிகைகள் செத்தால்தான் பக்கம் ஒதுக்குவீர்களா? ஒதுக்கினாலும் சாவுக்கு மட்டும்தானா? மலையாளத்திலும் இதே நிலைதான். ஷோபாவை 'உள்கடல்' படத்தில் இயக்கிய கே.ஜி. ஜார்ஜ் 1983-ல் எடுத்த ஒரு படத்தை ஷோபாவின் கதை என்று இன்றும் பேசுகிறார்கள், 'உள்கடல்' பற்றிப் பேச ஆள் இல்லை.

இன்னொன்று. தற்கொலைச் செய்தியை எப்படி வெளியிட வேண்டும் என்று இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் 2019-ல் வழிகாட்டு நெறிகளை ஏற்றுக்கொண்டிருக்கிறது. எந்த முறையில் இறந்தார் என்று விவரிக்கக் கூடாது, பரபரப்பான தலைப்பு கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. இது உங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். தெரிந்தும், அந்த விவரத்தைக் கட்டம் கட்டி, தடித்த எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். நாற்பது வருடத்துக்கு மேல் ஆனதால் அது செய்தி இல்லை, வரலாறு என்று சொல்வீர்களோ என்னவோ. படிக்கிற பிள்ளைக்கு அது இன்றைக்கு நடந்ததுதான்.

படித்த பிள்ளையையும் சொல்லிவிடுகிறேன். என் தம்பி மகள் கல்லூரியில் விஸ்காம் படிக்கிறாள், லீவுக்கு வந்திருந்தாள். உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு, "அத்தை, இவங்க நல்லா நடிப்பாங்களா?" என்று கேட்டாள். சினிமா படிக்கிற பிள்ளை, நாலு பக்கம் படித்த பிறகு கேட்கிற கேள்வி இது. அன்று ராத்திரி அவள் லேப்டாப்பில் இரண்டு பேரும் 'அழியாத கோலங்கள்' பார்த்தோம். 'பூவண்ணம் போல நெஞ்சம்' பாட்டு வந்ததும் நிறுத்தி, இவர்களுக்கு அப்போது என்ன வயது என்றாள். உன்னைவிடச் சின்னவள் என்றேன். நம்பவில்லை. மறுநாள் காலையில் எனக்கு முன்னால் எழுந்து 'பசி'யைத் தேடிக்கொண்டிருந்தாள்.

ஆசிரியர் அவர்களே, நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த இதழில் அரைப் பக்கம் கொடுங்கள். ஷோபா நடித்த படங்களின் பெயர், வருடம், மொழி, இயக்குநர், வாங்கிய விருதுகள், இவ்வளவு போதும். அந்தத் தவறான படக்குறிப்புக்கு ஒரு திருத்தம். அதோடு, மனம் தளர்ந்து போனவர்கள் அழைக்க 14416 டெலி மானஸ், 104 ஆகிய எண்களை இனிமேல் இப்படிப்பட்ட கட்டுரை எதுவானாலும் கீழே அச்சிடுங்கள். விளம்பரத்துக்கு ஒதுக்குகிற இடத்தில் இது ஓரமாகக்கூட அடங்கிவிடும்.

கடிதங்களைச் சுருக்கித்தான் வெளியிடுவீர்கள் என்று தெரியும். சுருக்க வேண்டி வந்தால் என் சொந்தக் கதையை வெட்டிவிடுங்கள், படங்களின் பெயர்களில் ஒன்றைக்கூட வெட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மானாமதுரை.